ஒந்தா மண்பாண்டப் பட்டறை: ஓடையில் தொடங்கிச் சூளையில் முடியும் கட்டடம்

ஜப்பானின் பழைய மண்பாண்டப் பட்டறை என்றதும் பலரும் பார்ப்பதும் படம் பிடிப்பதும் சக்கரம் இருக்கும் அறையைத்தான். தாழ்ந்த கூரை, ஜன்னலோரம் சக்கரம், தலைக்கு மேல் பலகைகளில் வரிசையாகக் காயும் கிண்ணங்கள். ஆனால் அந்த அறை பட்டறையில் ஒரு துண்டுதான். கியூஷூ தீவின் ஓய்த்தா மாநிலத்தில், ஹீத்தா நகரத்து எல்லைக்குள் வரும் சராயாமா என்ற மலைக் கிராமத்தை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒந்தா பாண்டங்கள் இங்கேதான் வனையப்படுகின்றன. இங்கே பட்டறை ஓடைக்கரையில் தொடங்கி, முற்றத்தைக் கடந்து, வனையும் அறைக்குள் நுழைந்து, சரிவில் ஏறும் சூளையில் முடிகிறது. இதில் எந்தப் பகுதியையும் விருப்பம்போலப் பெரிதாக்க முடியாது. ஓடை ஒரு மாதத்தில் எவ்வளவு மண்ணை இடித்துத் தருமோ, அந்த அளவுக்குத்தான் தொட்டியும் முற்றமும் சக்கரமும் சூளையும்.

பின்னணி சுருக்கமாக: பக்கத்து ஃபுகுஓகா மாநிலத்தின் கொய்ஷிவாராவிலிருந்து யானாசே சான்எமோன் என்ற குயவர் 1705-இல் இங்கே அழைத்துவரப்பட்டார். ஹீத்தா பகுதியைச் சேர்ந்த குரோகி ஜூபே பணம் போட்டார். நிலம் கொடுத்தது சாகாமோத்தோ குடும்பம். இன்றைய பட்டறைகள் பெரும்பாலும் இந்தக் குடும்ப வழிகளில் வந்தவர்களுடையவை. மொத்தமே ஒன்பது பத்து வீடுகள். தொழில் பிள்ளைக்குப் போகும். வெளியாட்களைப் பயிற்சிக்குச் சேர்ப்பதில்லை. ஜப்பானின் நாட்டுக் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யானாகி சோயெத்சு 1931-இல் வந்து பார்த்து எழுதிய பிறகும், ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1954-இல் வந்து தங்கிய பிறகும் ஊரின் பெயர் வெளியே பரவியது, வாங்குவோர் பெருகினார்கள். இந்தத் தொழில்நுட்பம் 1995-இல் நாட்டின் முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் கிராமமும் சுற்றியுள்ள நிலமும் முக்கியப் பண்பாட்டு நிலக்காட்சியாகத் தேர்வாயின. நிலத்தையும் சேர்த்துக் காத்ததை நான் மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன். ஓடையை விட்டுவிட்டுப் பட்டறையை மட்டும் காப்பாற்ற இங்கே வழியே இல்லை.

தண்ணீர் உலக்கை

ஊருக்கு அருகிலுள்ள மலையில் எடுக்கும் மண் கெட்டியானது, இரும்புச் சத்து மிகுந்தது. குடும்பங்கள் ஒன்றாகப் போய் வெட்டியெடுத்து, சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. கட்டிகளாக வரும் அந்த மண்ணை முதலில் காயவைத்து, பிறகு பொடியாக இடிக்க வேண்டும். அதற்காக ஓடைக்கரையில் நிற்பதுதான் 'கராவுசு'.

நீளமான பைன் மரத் தண்டு ஒன்று. அதன் ஒரு முனையைக் குடைந்து தொட்டியாக்கியிருப்பார்கள். மறு முனையில் உலக்கை செங்குத்தாக இறங்கும். நடுவில், உலக்கைப் பக்கம் சற்றே கனமாக இருக்கும்படி, இரண்டு குட்டைத் தூண்களில் அச்சு. மரவாய் வழியே வரும் தண்ணீர் தொட்டியில் நிரம்பும். எடை கூடியதும் அந்த முனை தாழும். உலக்கை மேலே எழும்பும். தாழ்ந்த தொட்டி தண்ணீரைக் கொட்டிவிடும். உலக்கை தடாலென்று உரல்குழியில் விழும். நம் ஊர் ஏற்றத்தில் ஆள் முன்னும் பின்னும் நடந்து செய்த வேலையை இங்கே தண்ணீரின் கனமே செய்கிறது. இரவிலும் நிற்காத இந்த ஓசையை 1996-இல் ஜப்பான் அரசு தொகுத்த நூறு ஒலிக்காட்சிகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கணக்கு எளிது. தொட்டி 40 லிட்டரில் கவிழ்கிறது, மரவாயில் விநாடிக்கு 2 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரம்ப 20 விநாடி; கவிழ்ந்து, கொட்டி, திரும்பி நிமிர 4 விநாடி. மணிக்கு 150 குத்து, ஒரு நாளைக்கு 3,600. ஒரு குழி மண் பொடியாக இரண்டு மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஆகும். வறண்ட மாதத்தில் தண்ணீர் பாதியானால் நிரம்பவே 40 விநாடி; நாளைக்கு 2,000 குத்துக்கும் கீழே போய்விடும். அதே குழிக்கு ஏறத்தாழ இருமடங்கு நாள் பிடிக்கும். குடும்பம் செய்யக்கூடிய வேகமான வழி இன்னோர் உலக்கை வைப்பது. அதற்கு இன்னொரு மரவாய், இன்னொரு இறக்கம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். ஓடையில் அதற்கு எல்லை உண்டு.

தண்ணீர் கூடினால் குத்தும் கூடும் என்று முதலில் தோன்றும். ஓரளவு வரை அப்படித்தான். அதைத் தாண்டினால் தொட்டி தாழ்ந்தபடியே நின்றுவிடும்: கொட்டுவதற்குள் புதுத் தண்ணீர் விழுந்து அந்த முனையை அழுத்திப் பிடிக்கும், உலக்கை அந்தரத்தில் தொங்கும். அதனால் வாய்க்காலிலிருந்து உலக்கைக்குத் தண்ணீரைப் பிரிக்கும் இடத்தில் பலகை மதகும், மிகுதியை ஓடைக்கே திருப்பும் வழிந்தோடியும் வேண்டும். மரவாயின் நுனி தொட்டியின் உள்விளிம்புக்கு நேராக விழ வேண்டும். ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் தண்ணீர் பாதி வீணாகும். அதைவிட மோசம், தெறித்து அச்சையும் தூணின் அடியையும் நனைத்துக்கொண்டே இருக்கும்.

உரல்குழியின் மேல் மட்டும் சின்னக் கூரை. தொட்டிப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நனையும். உலக்கைப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. காரணம், இங்கே இடிப்பது காய்ந்த மண். மழைச்சாரல் குழிக்குள் புகுந்தால் மேல்மண் பசையாகி, உலக்கை விழும் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அடியில் கட்டிகள் அப்படியே இருக்கும். இன்னும் ஈரமானால் உலக்கை மண்ணில் ஒட்டிப் பிடித்து, தொட்டி நிரம்பினாலும் எழாமல் நின்றுவிடும். கூரையின் இறவாணத்தை உலக்கைத் தண்டு எழும்பும் உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் பலகை அடைப்பார்கள். நான்கு பக்கமும் அடைத்தால் தூசி வெளியேறாது. மண்ணைப் புரட்டவும் அள்ளவும் இடம் இருக்காது.

குழியின் பக்கங்கள் சரிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உலக்கை விழும்போது நடுவிலுள்ள பொடி ஓரத்துக்கு ஒதுங்கும். கட்டிகள் சரிவில் உருண்டு மறுபடி நடுவுக்கு வரும். பக்கம் செங்குத்தாக இருந்தால் ஓரத்து மண் ஒட்டி நின்றுவிடும், ஆள்தான் அடிக்கடி தள்ளிவிட வேண்டும். அச்சு ஒரு பக்கம் தேய்ந்தால் உலக்கை நடுவை விட்டு விலகிக் குழியின் சுவரைக் குத்தும். இடிக்கும் ஓசை மாறுவதிலேயே குயவருக்கு இது தெரிந்துவிடும்.

தொட்டிகளும் வடிகட்டலும்

பொடியான மண் ஓடைக்கரையை விட்டு வீட்டுப் பக்கம் வந்ததும் தொட்டிக்குள் போகிறது. முதல் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மேலே நிற்கும் கலங்கலை மொண்டு, சல்லடை வழியே அடுத்த தொட்டியில் ஊற்றுகிறார்கள். மணலும் சிறுகல்லும் முதல் தொட்டியின் அடியில் தங்கும். அடுத்ததில் நுண்மண் படிந்து மேலே தெளிவு நிற்கும். தெளிவை வடித்துவிட்டால் அடியில் கூழ். இந்தத் தொட்டிகள் தரைமட்டத்தை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே இறங்கும்படி அமைந்தால் ஒவ்வொரு முறையும் தூக்கி ஊற்றும் உயரம் குறையும். சிறிய விஷயமாகத் தோன்றும். நாள் முழுக்க மொண்டு ஊற்றுபவர் முதுகுக்கு அது பெரிய விஷயம்.

கூழ் பிறகு 'ஓரோ' எனப்படும் வடிதொட்டிக்குப் போகும். துணி விரித்த தொட்டி. தண்ணீர் கீழே கசியும், மண் தங்கும். இந்த இடத்தில் அவசரம் பலிக்காது. கூழைத் தடிமனாக ஊற்றினால் துணியை ஒட்டிய மண் முதலில் இறுகி அடைத்துக்கொள்ளும். நடுவிலுள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது என்பதற்கு அதுவே காரணம்.

இன்னும் ஈரமாக இருக்கும் மண்ணை நல்ல வெயிலில் முற்றத்தில் காயவைக்கலாம். மழைக்காலத்திலும் குளிரிலும் உலர்த்தும் அடுப்பு வேண்டும்: தட்டையான மேல்தளம், கீழே தீ எரிந்து புகை ஓடும் பாதை, மேல்தளத்தில் மண். தீ வைக்கும் வாய்ப்பக்கம் சூடு அதிகம், கடைசிப் பக்கம் குறைவு. ஒரே தடிமனில் அப்பினால் வாய்ப்பக்கத்து மண் காய்ந்து கட்டியாகும்போது மறுபக்கம் சொதசொதவென்று இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் உள்ளே சிறு கட்டிகள் தங்கி, வனையும்போது விரலில் தட்டும். சூடுள்ள பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் பரப்புவது எளிய தீர்வு.

முற்றமும் வனையும் அறையும்

வீடு ஒரு பக்கம், வனையும் அறை ஒரு பக்கம், நடுவில் முற்றம். முதல் பார்வைக்கு விவசாயிகளின் வீட்டு அமைப்பாகத்தான் தெரியும். ஆனால் இங்கே முற்றம்தான் மிக அதிகம் உழைக்கும் பகுதி. வனைந்த பாண்டங்களைப் பலகையோடு தூக்கிவந்து வெயிலில் வைப்பதும், மேகம் கூடினால் ஓடிப்போய் உள்ளே எடுப்பதும் நாள்தோறும் நடக்கும். முற்றத்துக்கும் அறைக்கும் இடையில் படி இருந்தால் தோளில் பலகையோடு இறங்குபவர் தடுமாறுவார். வாசல் அகலம் பலகை திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும்.

பலகைக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பலகை ஆறு ஷாக்கு நீளம், அதாவது சுமார் 1.8 மீட்டர் என்று கொள்வோம். சுட்டு முடிந்தபின் 18 சென்டிமீட்டர் அகலம் வரவேண்டிய தட்டு. மண் காய்ந்து சுடும்போது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்தால், வனையும்போது அது 22.5 சென்டிமீட்டர். பலகைக்கு எட்டுத் தட்டு. ஒரு நாளில் 80 தட்டு வனைந்தால் பத்துப் பலகை; அவை காய ஓரிரு நாள் ஆகுமென்றால், எந்நேரமும் இருபது பலகைக்கு இடம் வேண்டும், அதில் பாதியை வெயிலிலிருந்து ஒரே நேரத்தில் உள்ளே கொண்டுவரவும் முடிய வேண்டும். அதனால்தான் அறைக்குள் தலைக்கு மேலே, உத்தரத்துக்கு உத்தரம் குறுக்கே பலகை தாங்கும் கழிகள் போகின்றன. அந்த அறையின் கூரை உயரத்தை நிர்ணயிப்பது, கை தூக்கிய ஆள் பலகையை ஏற்றும் உயரம்.

தரை இடித்துக் கெட்டியாக்கிய மண்தரை, தோமா. ஜப்பானில் இத்தகைய தரைக்கு மண், நீற்றிய சுண்ணாம்பு, உப்புக் காய்ச்சும்போது எஞ்சும் கைப்புநீர் மூன்றையும் கலந்து இடிப்பார்கள். மண்தரை ஈரத்தை வாங்கி மெதுவாக விடும். அறையின் காற்று சட்டென்று வறளாது. பழுது பார்ப்பவர்கள் செய்யும் பெரும் தவறு, சுத்தமாக இருக்கட்டும் என்று இதன்மேல் சிமெண்ட் போடுவது. அதன்பிறகு குளிர்காலக் காற்றில் பாண்டத்தின் வாய்விளிம்பு அடிப்பாகத்தை முந்திக் காய்ந்து, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரிசல் ஓடத் தொடங்கும். மண்ணையும் கைப்பக்குவத்தையும் குறை சொல்வார்கள். காரணம் தரையில் இருக்கும்.

வீட்டுக்கு இரண்டு சக்கரம். பெரும்பாலும் அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. கால்மிதிச் சக்கரம்: மேல்வட்டும் கீழ்வட்டும் மரக்கால்களால் இணைந்திருக்கும், கீழ்வட்டு குழிக்குள் சுழலும், மேல்வட்டு உட்காரும் பலகையின் மட்டத்தில் இருக்கும். தரையில் ஆழமாக ஊன்றிய முளைதான் நடு அச்சு. முளை ஒரு மயிரிழை ஆடினாலும் மேல்வட்டின் விளிம்பில் அந்த ஆட்டம் பெருகித் தெரியும். பெரிய பாண்டம் மையத்தில் நிற்காது. முளை ஆடுவதற்கு முக்கியக் காரணம் குழியில் தேங்கும் கசடுநீர். வனையும்போது சிந்தும் கூழும் தண்ணீரும் குழிக்குள் இறங்கி, முளையைச் சுற்றியுள்ள மண்ணை இளக்கி, மரத்தை உளுக்கவைக்கும். குழியின் அடியைச் சற்றே சரித்து ஒரு மூலையில் அள்ளும் பள்ளம் விடுவது அவசியம். புதுப்பிக்கும்போது பலரும் இதை மறந்து அடியைச் சமமாக்கிவிடுகிறார்கள்.

சக்கரம் ஜன்னலோரம் இருப்பது அழகுக்காக இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் சுவரின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். ஒந்தா பாண்டங்களின் அடையாளமான 'தோபிகன்னா' கோலத்துக்கு இந்த வெளிச்சம் இன்னும் முக்கியம். வெள்ளை மண்கூழ் பூசிய பாண்டம் தோல்பதத்தில் (பாதி காய்ந்து தோல்போல் உறுதியான நிலையில்) இருக்கும்போது, அது சுழலச் சுழல வளையக்கூடிய மெல்லிய இரும்புத் தகட்டை மேலே பிடிப்பார்கள். தகடு துள்ளித் துள்ளி வெள்ளைப் பூச்சைச் சிறு சிறு வெட்டுகளாக எடுக்கும். கீழேயுள்ள கருமண் தெரியும். பூச்சு ஈரமாக இருந்தால் தகடு துள்ளாமல் இழுபடும். அதிகம் காய்ந்தால் பூச்சு செதில் செதிலாகப் பெயரும். சரியான பதம் கொஞ்ச நேரமே நிற்கும். முற்றத்தின் வெயிலும் அறையின் நிழலும் சில அடி தூரத்தில் இருப்பதால்தான் அந்தப் பதத்தைப் பிடித்து நிறுத்த முடிகிறது.

சூளை

இங்கே முதல் சூடு கிடையாது. பச்சைப் பாண்டத்தின்மேலேயே சாம்பல் கலந்த பளபளப்புப் பூச்சை ஏற்றி, ஒரே முறை சுடுகிறார்கள். விறகும் நேரமும் மிச்சம். ஆனால் சுடாத மண்ணின்மேல் ஈரப்பூச்சு ஏறிய பாண்டம் மிக மென்மையானது. ஒரு சின்ன இடி போதும், விளிம்பு உதிரும். அதனால் வனையும் அறைக்கும் சூளைக்கும் இடையேயான பாதை குறுகியதாகவும் ஏற்றம் சீராகவும் இருக்க வேண்டும். பாதையில் கல்படி வைப்பவர்கள் உடைசலை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்றே சொல்வேன்.

சூளை சரிவில் ஏறும் நொபோரிகாமா. கீழே தீவாய், அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வளைவுக் கூரை அறைகள். ஒரு அறையின் சுவரடித் துளைகள் வழியே தீ அடுத்த அறைக்கு ஏறும். ஊரின் பொதுச் சூளைக்கு எட்டு அறை, ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன, மற்றவர்களுக்குத் தனிச்சூளை. கீழறையும் மேலறையும் ஒரே மாதிரி வேகாது. அதனால் அறைகளை முறை வைத்து மாற்றிப் பங்கிடுகிறார்கள். யாருக்கும் நிரந்தரமாக நல்ல அறையும் இல்லை, கெட்ட அறையும் இல்லை. விறகு, ஹீத்தா பகுதி மர அறுவை ஆலைகளில் மிஞ்சும் சுகி (ஜப்பானிய சீடர்) மரச்சிராய்கள். மெல்லிய சிராய் சட்டென்று நீளத் தீயாக எரியும்; பக்கவாட்டுத் துளை வழியே அறை அறையாகப் போட ஏற்றது. பொதுச் சூளையை எரிக்க இரண்டு பகல் இரண்டு இரவுக்கும் மேல் ஆகும். சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

சூளைக் கூரையைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். கூரைத்தூண் சூளைச் சுவரைத் தொடவே கூடாது. சூளை சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் சிறிது அசையும். தூண் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒன்று தூண் தள்ளப்படும், அல்லது வளைவில் விரிசல் விழும். பக்கங்கள் திறந்திருக்க, சிராய் போடுபவர் இரு பக்கமும் நின்று கை வீசும் அகலத்துக்கு இடைவெளி வேண்டும். விறகை எட்டும் தூரத்தில், தீப்பொறி எட்டாத இடத்தில் அடுக்க வேண்டும். கூரை இல்லாமலும் முடியாது: மண்ணாலும் செங்கல்லாலும் ஆன வளைவு மழையில் ஊறினால், அடுத்த முறை எரிக்கும்போது முதல் பல மணி நேர விறகு சூளையைக் காயவைக்கவே போய்விடும்.

2017 வெள்ளம் காட்டியது

2012 ஜூலையில் வட கியூஷூவைத் தாக்கிய பெருமழை இந்தப் பள்ளத்தாக்கையும் விடவில்லை. 2017 ஜூலையில் பெய்தது இன்னும் கடுமை: உலக்கைகளில் பெரும்பாலானவை சேதமடைந்தன, மண் வெட்டும் இடத்திலும் சரிவு. சூளையை எரிக்க விறகு இருந்தும், சக்கரத்தில் உட்கார ஆள் இருந்தும், மண் இல்லாவிட்டால் வேலை இல்லை. பட்டறையின் முதல் பகுதி ஓடைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

உலக்கைகள் தாழ்வான இடத்தில்தான் இருந்தாக வேண்டும், தண்ணீர் அங்கேதான். எனவே வெள்ளத்தில் போகக்கூடியது அவைதான் என்று ஏற்றுக்கொண்டே இந்த அமைப்பு வளர்ந்திருக்கிறது. கட்ட அதிக நாளும் உழைப்பும் கேட்கும் சூளை மேட்டில். மரத்தாலான, பகுதி பகுதியாக மாற்றக்கூடிய உலக்கை கீழே. தண்ணீரிலேயே கிடக்கும் தொட்டிமுனை எப்படியும் உளுத்துப்போகும் என்பதால் தண்டை மாற்றும் திறமை ஊருக்குள் எப்போதும் தேவைப்பட்டது. வெள்ளத்துக்குப் பிறகு எழுந்து நிற்க அதுவே கைகொடுத்தது. இடிப்பதற்கு இயந்திரம் வைத்திருக்கலாமே என்ற கேள்வி எழும். கொய்ஷிவாராவில் இயந்திரங்கள் வந்தன, பட்டறைகளும் பெருகின, அது அவர்கள் தேர்வு. ஒந்தாவில் இயந்திரம் வைத்தால் இரண்டு சக்கரம் போதாது, முற்றம் போதாது, சூளை முறை போதாது. ஒரு கண்ணியை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டும். இவர்கள் மாற்றாமல் இருப்பதைப் பழமைப்பற்று என்று மட்டும் பார்ப்பது தவறு. கட்டடக் கணக்கு தெரிந்தவர்களின் முடிவு அது.

இப்படிப்பட்ட பட்டறையை அளந்து பதிவு செய்யவோ பழுது பார்க்கவோ போகிறவர்கள் மண் நடக்கும் வரிசையிலேயே அளக்க வேண்டும். வறண்ட மாதம், மழை மாதம் இரண்டிலும் மரவாயில் வாளி வைத்து, நிரம்பும் விநாடியை எண்ணிக் குறிக்க வேண்டும். பிறகு உரல்குழியின் கொள்ளளவு, தொட்டிகளின் விளிம்பு உயர வேறுபாடு, முற்றத்தில் வெயில் விழும் நேரம், பலகைகளின் எண்ணிக்கை, சக்கர முளையின் ஆட்டம். சூளையை எரிப்பதற்கு முன்னும் ஆறிய பின்னும் கூரைத்தூணுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி. தூண், உத்தரம், கூரை ஓடு ஆகியவற்றின் வரைபடம் இவற்றுக்குப் பிறகு வந்தால் போதும். உலக்கைத் தண்டை மாற்றுவதாக இருந்தால், பழைய தண்டில் அச்சுத்துளையிலிருந்து இரு முனைகளுக்குமான தூரத்தையும் தொட்டியின் ஆழத்தையும் அது கிடக்கும் இடத்திலேயே அளந்துகொண்டு பிறகு கழற்ற வேண்டும். புது மரம் பச்சையாக இருந்தால் கனம் கூடுதல். அது உலரும்போது இரு பக்கமும் ஒரே அளவில் எடை குறையாது, சமநிலை நகரும். அச்சுத்துளையை முதலிலேயே முழு அகலத்துக்குக் குடையாமல், ஒரு பருவம் ஓடவிட்டுப் பார்த்து, அதன்பின் இறுதி அளவுக்குச் செதுக்குவது நல்லது.